அடுப்புக் கல் கவிழ்ந்திருந்த ஞாயிறு

போன வாரம் நம் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம் கிரவுண்டின் பழைய படத்தைப் போட்டு, "இது வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "ஒண்ணும் இல்லப்பா, வெறும் முள்ளுக்காடு. யாரும் இல்லாத இடம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் பாலை இறக்க ஓடினேன். பால் அதற்குள் பொங்கி வழிந்திருந்தது. மேடையைத் துடைக்கும்போதுதான் நான் எதற்குக் கட்டைவிரல் போட்டேன் என்பது உறைத்தது. கையைக்கூடக் கழுவாமல் வந்து அதை எடுத்துவிட்டேன்.

யாரும் இல்லாத இடம் என்று நீங்கள் எல்லோரும் இன்று சொல்கிறீர்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னது நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இது கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிக்கொண்டு காலை வணக்கம் பூப்படங்களுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. என் அப்பா ஃபேக்டரியில் எஸ்டேட் பிரிவில் கிளார்க். எந்த ஃபேக்டரி என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. யாராவது குவார்ட்டர்ஸை விட்டுப் போனால், போய்ப் பார்த்து "காலி" என்று எழுதி, அடுத்தவருக்கு ஒதுக்க ஏற்பாடு செய்வது அப்பாவின் வேலை. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. வாசலில் பூட்டு தொங்கினால் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பூட்டும் இல்லை, உள்ளே பாத்திரமும் இல்லை, அடுப்பும் கலைந்திருக்கிறது என்றால் காலி. பதினைந்து வருஷ சர்வீஸில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பால்காரர் வீட்டு எருமைக்குக்கூட எண் போட்டுவிடுவார் என்று உங்கள் அப்பாக்கள் என் அப்பாவைக் கேலி செய்வார்கள். தகரத்தில் வெட்டிய அச்சுத் தகடுகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை, ஒரு காக்கிப் பையில் எங்கள் பரணில் இருக்கும். கதவு, கட்டில், மீட்டர் பெட்டி எல்லாவற்றிலும் நம் வீட்டு எண் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் டிபன் பாக்ஸின் அடியிலும் இருந்தது. எண் இல்லாத ஒன்று யாருக்காவது சொந்தமாக இருக்க முடியும் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடு. பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் என் அம்மா எங்கள் ஜன்னலைச் சாத்துவாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டது. தெருவே கம்போடு கூடி நின்றது. யாரோ ஏரிக்கரைக்கு ஓடிப்போய்ப் பாம்புக்கார அம்மாவைக் கூட்டி வந்தார்கள். உங்கள் வீடுகளுக்கும் அவள் வந்திருப்பாள். ஒல்லியாக, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை கட்டின புடவையோடு, வெற்றிலை மென்றபடி வருவாள். இருளர் இனம். வெள்ளானூர்ப் பக்கம் வயல்களில் எலி பிடிப்பது, தோட்டக் காவல், இந்த மாதிரி பாம்பு பிடிப்பது, இதுதான் அவர்கள் வேலை.

"அடிக்காத நைனா. சாரை இது. எலி துன்ன வந்துகீது," என்று கம்பு வைத்திருந்தவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஒரு பெண் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகள். என் வயது, என் உயரம், எண்ணெய் காணாத செம்பட்டை முடி. நான் பயந்து சுவரோடு ஒட்டி நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் அந்தச் சாக்கைத் தொட்டுக் காட்டினேன். அப்படித்தான் சிநேகிதமானோம்.

அம்மா ஒரு பழைய புடவையை மதில்மேல் வைத்துவிட்டு நான்கடி பின்னால் போய் நின்றாள். பாம்புக்கார அம்மா மதிலிலிருந்து எடுத்துக்கொண்டாள். பாம்பைப் பிடித்தவளுக்கு அம்மா மரியாதை செய்வதாக நான் நினைத்தேன். என் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அது மரியாதை இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் ஏரிக்கரைதான். லைப்ரரி என்று வீட்டில் சொல்வேன். வேப்பமரத்தைச் சுற்றி ஒன்பது குடிசைகள் இருந்தன. பனையோலைக் கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும், உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். கதவு கிடையாது, மூடுவதற்கு ஒரு ஓலைத் தட்டி. மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அதுதான் அவர்கள் கும்பிடுகிற கன்னியம்மா. "எங்க தாத்தாவோட தாத்தா நட்ட கல்லு," என்றாள் என் சிநேகிதி. எதிர்க்கரையில் இன்னொரு குடியிருப்பு இருந்தது. கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து ஐந்தாறு வருஷமாகத் தங்கியிருந்தவர்கள். நம் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் இரண்டு கரைக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை. உள்ளே வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வாயை எலி வளையோடு பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவார்கள். வரப்பில் வேறொரு பொந்திலிருந்து புகை வரும். அங்கே என் சிநேகிதி கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வளையைத் தோண்டினால் உள்ளே கதிர் கதிராக எலி சேர்த்து வைத்த நெல் இருக்கும். அந்த ஈர நெல்லின் வாசனையும் அந்தப் புகையும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. வேறு எங்கும் அது கிடைக்கவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான்கு எலியைச் சுள்ளி நெருப்பில் வாட்டி மஞ்சளும் உப்பும் தடவினார்கள். எனக்கும் வேண்டும் என்றேன்.

"வாணாம் பாப்பா. உங்க ஊட்ல தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க," என்றாள் பாம்புக்கார அம்மா.

நான் அடம்பிடித்துத் தின்றேன். உப்பும் புகையும் கொஞ்சம் கருகின தோலும். நன்றாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வரும் வழியில் கொய்யா இலையை மென்று துப்பினேன். அன்று மாலை அம்மா என்னை விளக்கேற்றச் சொன்னாள். தீக்குச்சியைப் பிடித்த விரலில் இன்னும் மஞ்சள் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஏரிக்கரை எனக்கு ஒரு இரகசியமாகிவிட்டது. அங்கே போகிறேன் என்று தெரிந்தால் எதற்கு என்ற கேள்வி வரும், எதற்கு என்றால் என்ன தின்றாய் என்பது வரும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தையில்தான் திட்டம் வந்தது. ஏரிப் புறம்போக்கு முழுவதையும் வளைத்து மதில் எழுப்பி, புது குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம். நாமெல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். கரையில் இருக்கிறவர்களைக் கணக்கெடுக்கும் வேலை என் அப்பாவிடம் வந்தது. கணக்கெடுக்கிற அன்று எந்தக் குடிசையில் ஆள் இருக்கிறதோ அதற்கு எண் போடப்படும். எண் போட்ட குடிசைக்கு வேறு இடத்தில் மனை, அரசாங்கப் பட்டாவோடு. எண் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. மாசி முடிவதற்குள் வருவோம் என்று கரையில் தண்டோரா போட்டார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, என் சிநேகிதி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளிக்கு நாங்க எல்லாரும் மாபலிபுரம் போறோம், கடலாண்ட. உங்க நைனா கைல சொல்லு. புதங்கெழமை வந்துடுவோம். அதுக்கு அப்பால வந்து எண்ணச் சொல்லு."

"நீங்களே ஆபீஸ்ல போய்ச் சொல்லலாமே?"

"எங்கம்மா போச்சி. கேட்டாண்டயே வாச்மேன் தொரத்திட்டான்."

"அப்ப யாராவது ஒருத்தர் இங்கயே இருங்க."

"அய்ய, அப்டிலாம் இருக்கக் கூடாது. கன்னிம்மா எங்க மேல கோச்சிகினு கடல்ல போயி குந்திகினு கீறா. எல்லாரும் போயி கூப்ட்டாதான் ஊட்டுக்கு வருவா. யாரும் போவலன்னா அங்கியே இருந்துடுவா."

பிறகு என்னைக் குடிசைக்குள் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினாள். மூன்று கல். ஊரை விட்டுப் போகும்போது அவர்கள் வீட்டில் அடுப்புக் கல்லைக் கவிழ்த்துவிட்டுப் போவார்களாம், கரிப்பக்கம் தரையில் படும்படி. வந்து நிமிர்த்தி, கன்னியம்மாவுக்குப் பொங்கல் வைப்பார்களாம். சமைக்கிற பானைகளைக் கடற்கரையில் சமைக்க எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"கல்லு கவுந்து கீதுன்னா ஆளு வருவான்னு அர்த்தம். இதையும் உங்க நைனா கைல சொல்லு. மறந்துடாத இன்னா? அடிச்சி சொல்லு."

நான் அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன். கை எரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சாப்பிடும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் அவள் என் காலில் இருந்த ஏரிச் சேற்றைப் பார்த்துவிட்டு, "அந்த ஏரிக்கரைப் பக்கம் போனன்னு தெரிஞ்சுது, கால ஒடிச்சிருவேன்ட்டி," என்று சொல்லியிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமையும் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொய்யைச் சேர்த்தாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன, லைப்ரரி போகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள்தானே. என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காக்கிப் பையைப் பரணிலிருந்து இறக்கினார். திங்கட்கிழமை பட்டியல் போயாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கூட வரவேண்டிய பியூன் வரவில்லை. "ஏட்டி, நீ வா. பையைப் பிடிச்சுக்க," என்று என்னை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார்.

முதலில் எதிர்க்கரை. அங்கே எல்லோரும் குளித்து, குழந்தைகளுக்குப் பவுடர் போட்டு, வாசலில் நின்றார்கள். அப்பா ஒவ்வொரு குடிசையிலும் தகட்டை வைத்துக் கறுப்புப் பெயிண்டில் எண் போட்டார். ஒரு வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்து, பாடிப் பக்கம் நைட் ஷிப்ட் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்துகொண்டு அதற்கும் போட்டார். யாரும் விட்டுப்போகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர் அவர். இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இனிமேல் வருவது அவர் மேல் பழியாகத் தெரியும். அந்தக் கரை நாற்பத்து மூன்றில் முடிந்தது. நாற்பத்து நான்கு வேப்பமரத்தடி. அப்பா நான்காம் எண் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார்.

ஒன்பது குடிசையிலும் தட்டி சாத்தியிருந்தது. நாய்கூட இல்லை. அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு இடுப்பு வலி, குனிய முடியாது.

"உள்ள குனிஞ்சு பாருட்டி. யாரும் இருக்காவளா?"

நான் பாம்புக்கார அம்மாவின் குடிசைக்குள் தவழ்ந்து போனேன். புகை வாசனை அப்படியே இருந்தது. பாயும் பானைகளும் இல்லை. நடுவில் மூன்று கல், கரிப்பக்கம் கீழே. கூரைச் சந்தில் எலிக்குப் புகை போடுகிற அந்தப் பானையைச் செருகி வைத்திருந்தார்கள். அதை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா. நான் கொஞ்ச நேரம் அங்கேயே முழங்காலில் இருந்தேன். வெளியே அப்பாவின் செருப்பு தெரிந்தது.

வெளியே வந்து, "யாரும் இல்லப்பா," என்றேன். அது உண்மை.

"சாமான் ஏதும் கெடக்கா?"

"ஒண்ணும் இல்லப்பா." இது பொய்.

"அடுப்பு?"

"கலைஞ்சு கெடக்கு."

அப்போது வெள்ளானூர்க்காரர் ஒருவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா அவரையும் விட்டுவிடவில்லை, நிறுத்திக் கேட்டார்.

"இருளங்களா? அவுங்க ஒரு எடத்துல கீற ஆளுங்க இல்ல சார். இன்னிக்கு இங்க, நாளிக்கு எங்கியோ," என்றார் அவர். அவர் வயலுக்கு மூன்று தலைமுறையாகக் காவல் இருந்தவர்கள்தான் அவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பூட்டு இல்லை, பாத்திரம் இல்லை, அடுப்பு கலைந்திருக்கிறது. நோட்டில் எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். "ஒன்பது குடிசைகள். ஆளில்லை. கைவிடப்பட்டவை." நான்காம் எண் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பையில் போட்டார். திரும்பும் வழியில், வெயிலில் கூட வந்ததற்காக எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். ஏப்பம்கூட வந்தது.

புதன்கிழமை சொன்னபடி அவர்கள் வந்துவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பாம்புக்கார அம்மா எங்கள் பின்வாசல் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அப்பா போனார், நானும் அம்மாவும் பின்னால் போனோம். அவள் புடவை முந்தியில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

"நைனா, எங்களுக்கு நம்பர் போடலியே."

"ஞாயித்துக்கெழமை வந்தேம்மா. ஒருத்தரும் இல்லியே. எங்க போனீங்க?"

"சாமி கும்புட கடலுக்குப் போனோம் நைனா. வருசா வருசம் போறதுதான்."

"லிஸ்ட்டு போயாச்சே. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புதன்கெழமை வந்திருப்பேனே," என்றார் அப்பா. அவர் குரல் அப்போதே இறங்கிவிட்டது.

"சொல்லி உட்டமே நைனா."

"யாருட்ட?"

அவள் அப்பாவின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் அம்மா நின்றாள். நான் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. என் முகத்தில் எல்லாமே எழுதி இருந்திருக்கும். நான் சொல்லவில்லை என்பதும், சொல்லாததற்கு என்ன காரணம் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோலை உரித்துவிடுவார்கள் என்று சொன்னவளே அவள்தானே.

"யாரோ ஆபீஸ் ஆளு நைனா. மூஞ்சி நெனப்பில்ல," என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று இருந்தது. நான் செய்ததில் எதற்கு அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்யைக் காட்டிலும் அந்த அப்பாடாவுக்குத்தான். வீடு போய்விட்ட ஒருத்தி என்னை அடியிலிருந்து காப்பாற்றினாள், நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை. மறுநாளே அதிகாரியிடம் போனார். "நீங்களே கைப்பட ஆளில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இருக்காங்கன்னா அது பொய்யா, இது பொய்யா?" என்று அதிகாரி கேட்டாராம். அப்பா அவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்தார். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், வீட்டு வரி ரசீது, ஏதாவது ஒரு அத்தாட்சி கேட்டு மனு திரும்பி வந்தது. அவர்களிடம் ஏழு கல்தான் இருந்தது. இன்னொரு தடவை போனபோது, ஆக்கிரமிப்பாளர்களோடு என்ன பழக்கம் என்று மெமோ கொடுப்போம் என்றார்கள். அப்பா அதோடு நின்றார். அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். வயிறு சரியில்லை போல என்று அம்மா சுக்கு தட்டினாள்.

அதற்கு மேல் நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை. பரீட்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாத லீவில் கரையைக் காலி செய்தார்கள். நான் பார்க்கவில்லை. நாங்கள் பூட்டுப் போட்டுவிட்டு இருபது நாள் திருநெல்வேலிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வீடு இருந்தது. வேப்பமரம் இல்லை. டிராக்டர் ஓட்டி, செம்மண் கொட்டி, ரோலர் உருட்டியிருந்தார்கள். அடுத்த வருஷம் நம் முதல் ஸ்போர்ட்ஸ் டே அங்கேதான் நடந்தது. ஸ்கிப்பிங்கில் நான் முதல் பரிசு, ஒரு பச்சை பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதைப் பல வருஷம் வைத்திருந்தேன்.

பத்து வருஷம் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகி, நாத்தனார் கல்யாணத்துக்கு மூட்டையாக அரிசி வாங்கப் பூந்தமல்லி தாண்டி ஒரு மில்லுக்குப் போயிருந்தோம். களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டு, பெண்கள் வரிசையாகக் காலால் கிளறிக்கொண்டே நடந்தார்கள். சிமென்ட் தரை கொதித்தது. ஒருத்தி நின்றாள்.

"பாப்பா, நீயா?"

முடி அதே செம்பட்டை. என் வயதுதான், பார்க்க என்னைவிடப் பதினைந்து வயது கூடத் தெரிந்தது. என் புடவையைத் தொட வந்து, கையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

அந்த ஒன்பது வீட்டில் மூன்று வீடு அந்த மில்லுக்குள் இருக்கிறது, மற்றவர்கள் எங்கெங்கோ என்றாள். அவள் அம்மா இரண்டு வருஷம் முன்னால் இறந்துபோய்விட்டாளாம். "இப்பவும் மாசி மகத்துக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க உடறாங்க? வாங்கின கடன் தீர்ற வரிக்கும் கேட்டத் தாண்ட மொதலாளி உட மாட்டாரு. எங்க கன்னிம்மா இன்னும் அங்கதான் குந்திகினு கீறா," என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு, நேற்று நடந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "பாப்பா, நீ அன்னிக்கு உங்க நைனா கைல சொன்னதான?"

பத்து வருஷமாக அவள் என்னிடம் கேட்க வைத்திருந்தது இந்த ஒன்றுதான் போல. சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பயப்படுகிற வயதா எனக்கு. என் கணவர் வேனுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார்.

"சொன்னேன். அப்பாதான் கேக்கல," என்றேன்.

"நெனச்சேன்," என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "எங்கம்மாவும் சாவற வரிக்கும் அதான் சொல்லிச்சி. பாப்பா கண்டிப்பா சொல்லி இருக்கும், அவுங்கதான் கேட்டிருக்க மாட்டாங்கன்னு. பாவம் உங்க நைனா இன்னா பண்ணுவாரு, மேல கீறவன் சொன்னா கேக்கணும்ல. நல்லாகீறாரா?"

"நல்லா இருக்கார்," என்றேன்.

பாம்புக்கார அம்மா தன் மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ, அவர்களுக்காக மெமோ வரைக்கும் போன என் அப்பாவைக் காட்டிக்கொடுத்தேன், அதுவும் அவர் செய்யாத ஒன்றுக்கு. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். போகவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது மில் மூடிக் கிடந்தது, அவர்கள் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

அப்பா அப்போது ரிட்டையர் ஆகி வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். சில நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்த ஒம்பது வீடு. சரியாப் பாக்காம எழுதிட்டேன்ட்டி," என்பார். இன்னொரு தடவை, "குனிஞ்சு நானே பாத்திருக்கணும்," என்றார். மில்லிலிருந்து திரும்பிய அன்றும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அரிசி நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாருக்குப்பா," என்றேன்.

அவரும் போய்விட்டார். தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போனார். காக்கிப் பை மட்டும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நேற்று இறக்கிப் பார்த்தேன். நான்காம் எண் தகட்டின் ஓரத்தில் இன்னும் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது.

நம் கிரவுண்டுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது வீடுகள், நாற்பத்து நான்கிலிருந்து ஐம்பத்து இரண்டு வரை. பிட்சுக்குத் தெற்கே, நீங்கள் தண்ணீர்க்குடம் வைக்கிற இடத்தில் வேப்பமரம், அதன் அடியில் ஏழு கல். ஸ்கோர் போர்டு இருக்கும் மூலை நாற்பத்து நான்கு, பாம்புக்கார அம்மாவும் அவள் மகளும். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கூரைச் சந்தில் புகைப் பானை இருந்தது. அடுப்புக் கல் மூன்றும் கவிழ்ந்திருந்தன. சாமியைக் கூட்டி வரப் போயிருக்கிறார்கள், புதன்கிழமை வந்துவிடுவார்கள்.